வாசலில் இன்னொருவன் செருப்பு

இந்த பெஞ்சில் பத்து மணி வரைக்கும் வெயில் படாது, தம்பி. அதனால்தான் பென்ஷன் வாங்கிய பிறகும் தினம் இங்கேயே வந்து உட்காருகிறேன். முப்பது வருஷம் இந்த ஆம்பூர் ஸ்டேஷனில் அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்து டிக்கெட் கொடுத்தேன். இந்தப் பாலாற்றங்கரையில் நான் டிக்கெட் கொடுக்காத மனிதன் ஒருவன் உண்டென்றால், அவன் இன்னும் பிறக்கவில்லை, இல்லாவிட்டால் நடந்தே போகிறவன். என் குரலும் அப்படித்தான். நான் இங்கே தும்மினால் பச்சகுப்பத்தில் சிக்னல் இறங்கும் என்பார்கள். அதில் பாதிதான் பொய்.

உட்காருங்கள். வாணியம்பாடிக்குப் போகிற வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் அக்கா குர்ஷித் எங்கே. அவள் மாமனார் மக்பூல் அகமது சாயபுவை ஊரில் யார் கேட்டாலும், தம்பி சம்சாரத்துக்குப் பிரசவம் என்று வாணியம்பாடிக்குப் போனாளே என்கிறார். உங்கள் வீட்டிலோ பிரசவமும் இல்லை, அக்காவும் இல்லை. ஸ்டேஷனில் விசாரித்தீர்கள். அந்தக் கிழவர் சம்பத்தைக் கேளுங்கள், வண்டி ஏறுகிற ஈயைக்கூட அவருக்குத் தெரியும் என்று சொல்லி என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். சரியான ஆளிடம்தான் அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். ஆனால் நடுவில் இருந்து சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். முதலில் இருந்து வருகிறேன்.

எல்லாம் ஒரு தோல் பெட்டியில் தொடங்கியது.

தோல் ஏற்றுமதி படுத்துப்போன வருஷம் ஒரு வெள்ளைக்கார புரோக்கர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போனான் அல்லவா. அவன் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். சாயபு ஒரு பெரிய பெட்டியை எடுத்தார். அப்போதே அவருக்குக் கண்ணில் புரை. பெட்டியைக் கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தடவி, மூக்கை வைத்து மோந்து பார்த்துத்தான் எடுத்தார். ஆவாரம்பட்டைக் குழியில் ஊறின நம் ஊர்த் தோல்தான் அது என்று அடித்துச் சொன்னார். "இங்கேர்ந்து கப்பல்ல போய், அங்கே பெட்டியாகி, திரும்பி வந்திருக்குது பாத்தியா சம்பத்து. தோலே திரும்பி வருது" என்றார். எனக்கு அப்போது அதன் அர்த்தம் முழுதாக ஏறவில்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே புத்தகங்கள். இரண்டு மாடு இழுக்கிற கனம். நாவல், பாட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நடந்த சங்கதிகள். பனிக்கடலுக்குப் போனவர்கள், ஆப்பிரிக்காவில் ஆறு எங்கே பிறக்கிறது என்று தேடிப்போனவர்கள், பூகம்பம் வந்து ஒரே காலையில் காணாமல் போன ஊர்கள், எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பட்டணம், பஞ்சம், கப்பல் சேதம். அந்த புரோக்கர் மனுஷன் ஆட்டுத்தோலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் மனத்தால் எங்கெங்கோ போய்வந்திருக்கிறான்.

சாயபு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதுல கப்பல் முழுகினது இருக்குதா?"

இருக்கிறது என்றேன். "அப்ப படி" என்றார்.

உங்களுக்குத் தெரியாததா. உங்கள் அத்தான் சத்தார், பச்சைத் தோல் வாங்க ரங்கூனுக்குப் போய்த் திரும்பும்போது ஸ்டீமர் புயலில் மாட்டிக்கொண்டது. சிலரைக் காப்பாற்றினார்கள், பலரைக் காணவில்லை. சத்தார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. சாயபுவின் வீட்டில் அவரும், மருமகளும், சமையலுக்கு ஹலீமா பீயும். தோல் பதம் பண்ணுகிற அவருடைய டேனரியில் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. என் வீட்டிலோ மனைவி போன பிறகு எனக்குக் காது கொடுக்க ஒரு சுவர்தான். சாயபு கூப்பிட்டதும் போனேன். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து அவர் வந்து உட்காருவார். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் வாசிப்பு. புத்தகம் இங்கிலீஷ், என் வாயில் வருவது தமிழ். நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் உங்கள் அக்கா. நான் போய் உட்கார்ந்ததும் திரைக்கு அடியில் இருந்து டீ டம்ளர் நகர்ந்து வரும். அதற்குப் பிறகு வளையல் சத்தம் மட்டும். அரிசி புடைக்கிறாளோ, துணி தைக்கிறாளோ, கண்ணாடி வளையல்கள் ஓயாமல் கலகலத்துக்கொண்டே இருக்கும்.

நான் வாசித்த முதல் புத்தகம், தென் துருவத்துக்கு நடந்துபோன ஐந்து பேரைப் பற்றியது. போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வருகிற வழியில் பசியிலும் குளிரிலும் ஐந்து பேரும் செத்தார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நானும் முதல் நான்கு பேரைச் சாகவிட்டேன். ஒவ்வொருவனாகச் சாகச் சாக சாயபுவின் விரல்கள் தஸ்பீஹ் ஜெபமணியில் மெதுவாகி மெதுவாகிக் கடைசியில் நின்றுவிட்டன. திரைக்கு அந்தப் பக்கமும் வளையல் நின்றுவிட்டது.

அந்த அமைதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முப்பது வருஷம் நான் டிக்கெட் ஜன்னலில் பேசியிருக்கிறேன். சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்பார்கள், ஒரு ஆளும் நின்று கேட்டதில்லை. அன்று ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தது. ஐந்தாவது ஆளைச் சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை. தேடிப்போனவர்கள் கூடாரத்தைத் திறந்தபோது அவனுக்கு இன்னும் உயிர் இருந்தது என்றேன். சூடாகக் கஞ்சி ஊற்றினார்கள் என்றேன். சாயபு கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். வளையல் மறுபடி பேச ஆரம்பித்தது.

ஒரு பொய்தானே. யாருக்கு நஷ்டம்? செத்தவனுக்கா?

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு புத்தகத்துக்கு ஒருவன் என்று வைத்துக்கொண்டேன். பாலைவனத்தில் தாகத்தில் செத்த கூட்டத்தில் ஒட்டகம் மேய்ப்பவனைப் பிழைக்க வைத்தேன். ஆப்பிரிக்கக் காட்டில் சுரம் கொண்டுபோன டாக்டரை ஒரு கிழவியின் கஷாயத்தால் எழுப்பினேன். சாம்பலில் புதைந்த பட்டணத்தில் யாரையாவது பிழைக்க வைப்பது நிஜமாகவே கஷ்டம், தம்பி. அங்கேயும் ஒரு செருப்புத் தைக்கிறவனைப் படகில் ஏற்றிவிட்டேன். துருவத்தில் கரடிகளையும் சேர்த்துக்கொண்டேன். தென் துருவத்தில் கரடியே கிடையாது என்று பின்னால் வேறொரு புத்தகத்தில் படித்தேன். அதற்குள் ஏழெட்டைச் சுட்டுக் கொன்றுவிட்டேன்.

சாயபு சும்மா கேட்கிற ஆள் இல்லை. தொழில்காரர் அல்லவா. "அந்தக் கரடித் தோலை இன்னா பண்ணாங்க?" என்று கேட்டார்.

விரித்துப் படுத்தார்கள் பாய் என்றேன்.

"பட்டை இல்லாத ஊர்ல எப்டி பதம் பண்ணான்? ரெண்டே நாள்ல நாறிப்பூடுமே."

அந்தக் குளிரில் பிணமே நாறாது பாய் என்றேன். அவர் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை திரைக்குள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னதாக, வாயைப் பொத்திக்கொண்டு. நான்கு வருஷத்தில் அந்தப் பெண் சிரித்தது அதுதான் முதல்தரம் என்று ஹலீமா பீ என்னிடம் வாசலில் சொன்னாள். ஆகவே நான் அந்த வீட்டுக்குக் கெடுதல் மட்டுமே செய்தேன் என்று நீங்கள் சொல்லமுடியாது.

இப்போது உங்கள் பங்கு வருகிறது.

நீங்கள்தான் அந்தப் பேரணாம்பட்டுக்காரரைப் பார்த்து வைத்தீர்கள். மனைவியைப் பறிகொடுத்தவர், இரண்டு பெண் குழந்தைகள், அமைதியான மனிதர். எல்லாம் தெரிந்தே உங்கள் அக்காவைக் கேட்டார். சாயபுவும் தடை சொல்லவில்லை. மகள் மாதிரி நினைத்துத் தானே நிக்காஹ் செய்து வைப்பதாகச் சொன்னார். சிக்கல் ஒன்றுதான். சத்தார் இறந்துவிட்டான் என்று யார் சொல்வது? மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற காஜியார் சொன்னது எனக்குப் புரிந்தவரைக்கும் இதுதான்: கண்ணால் பார்த்தவன் ஒருவன் வந்து சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெற்ற தகப்பன் ஜமாத்தில் எழுந்து, தேடாத இடமெல்லாம் தேடியாயிற்று, என் மகன் இல்லை என்று சொல்லவேண்டும்; அதற்குப் பிறகு அவர் ஒரு கெடு வைத்து, அது முடிந்ததும் அவளை விடுவிப்பார். இரண்டும் இல்லாமல் அவள் யாருக்கும் மனைவியாக முடியாது. கடலில் இருக்கிற ஒருவனுக்குத்தான் மனைவி.

பார்த்தவன் யாரும் வரவில்லை. ஆகவே சாயபுவின் ஒரு வார்த்தையில் உங்கள் அக்காவின் வாழ்க்கை நின்றது. அது எனக்கு நன்றாகவே தெரியும். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு புதன்கிழமை நான் புத்தகத்தைப் பிரித்ததும் சாயபு கையைத் தூக்கி நிறுத்தினார். "சம்பத்து, வர்ற வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல சொல்லிடலாம்னு இருக்கேன். பையன் மவுத்தாய்ட்டான்னு. எத்தினி நாளைக்கு அந்தப் பொண்ணை ஒக்கார வெக்கிறது" என்றார். திரைக்குப் பின்னால் எல்லாம் நின்றுவிட்டது. என் வாசிப்பினால் இல்லை, அவருடைய அந்த ஒரு பேச்சினால்.

நல்லது பாய் என்றுதான் சொன்னேன். மனதாரச் சொன்னேன். ஆனால் அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. அவள் பேரணாம்பட்டுக்குப் போய்விடுவாள். மகனுக்காகவே கப்பல் கதைகளைத் தேடித் தேடிக் கேட்ட தகப்பனும் இனிமேல் எதற்காகக் கேட்க வேண்டும்? பெட்டியில் இன்னும் பாதிப் புத்தகம் இருந்தது.

அன்று எடுத்திருந்த புத்தகம் வடகடலில் காணாமல் போன ஒரு கப்பலைப் பற்றியது. அதில் போனவர்கள் யாருமே திரும்பி வரவில்லை. நான் படித்துக்கொண்டே போனேன். படிக்கப் படிக்க வாயில் வேறொன்று வந்தது. அந்த மாலுமிகளில் ஒருவன் பனியில் எஸ்கிமோக்களோடு ஐந்து வருஷம் கிடந்து, ஊருக்குத் திரும்பி வந்தான் என்றேன். ஊரில் அவனுக்குச் சாவுப் பிரார்த்தனைகூட முடிந்துவிட்டது என்றேன். அவன் தன் தெருவுக்கு வருகிறான். தன் வீட்டு விளக்கைப் பார்க்கிறான். வாசல் வரைக்கும் வந்துவிட்டான். அங்கே வாசலில் இன்னொருவனுடைய செருப்பு கிடக்கிறது. உள்ளே அவன் பெண்சாதியின் குரல், சோறு போடுகிறாள். இவன் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கதவைத் தட்டவில்லை. வந்த வழியே திரும்பிக் கடலுக்கே போய்விட்டான்.

இங்கிலீஷ்காரனுக்கு வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுகிற வழக்கம் கிடையாது. டேனரிக்கு எத்தனை துரைமார்கள் வந்திருப்பார்கள், பூட்சோடு கூடத்துக்குள் நடந்திருப்பார்கள். சாயபுவுக்கு அது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. செருப்பு என்ற வார்த்தை அவருக்குள் நேராகப் போய்விட்டது. வாழ்நாள் முழுக்கச் செருப்புக்குத் தோல் பதம் பண்ணின மனிதர். தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போனார், தொழுதார், திரும்பி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் அக்கா அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அல்லவா? நானும் எதிர்பார்த்தேன். ஆனால் அவளும் திரைக்குப் பின்னால் அந்தச் செருப்பைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் டீ வந்தது. வழக்கத்தைவிடச் சர்க்கரை ஜாஸ்தி. ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேரணாம்பட்டுக்காரர் ரம்ஜான் வரை பொறுத்தார், பக்ரீத் வரை பொறுத்தார். நீங்கள் நடையாய் நடந்தீர்கள். பிறகு அவருக்குக் குடியாத்தத்தில் பெண் அமைந்துவிட்டது. அவர்மேல் என்ன தப்பு, வீட்டில் தாயில்லாத இரண்டு குழந்தைகள். அந்தச் செய்தி வந்த அன்றும் நான் வாசிக்கப் போனேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தமே இல்லை. நான் என்ன செய்தும் கேட்கவில்லை. எரிமலையைக் கக்க வைத்துப் பார்த்தேன். கப்பலை இரண்டாகப் பிளந்து பார்த்தேன்.

சாயபு அன்று சீக்கிரமே கை கால் கழுவி ஒளூ செய்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டபோது, திரைக்குப் பின்னால் இருந்து முதல்முதலாக அவள் என்னிடம் பேசினாள். "ஸ்டேஷன் ஐயா, நீங்க படிக்கிறதெல்லாம் நெஜமா?"

அச்சில் இருக்கிறதம்மா என்றேன்.

"கடல்ல போனவங்க அப்டி திரும்பி வர்றது உண்டா? வந்து, எல்லாம் மறந்துபோய் எங்கியாச்சும் இருக்கறதும் உண்டா?"

இந்தக் கேள்வியை அவளே கேட்டாள் என்பதைக் கவனியுங்கள். நான் போய்ச் சொல்லவில்லை. ஒரு பெண் திரைக்குப் பின்னால் இருந்து அப்படிக் கேட்கும்போது, இல்லையம்மா என்று சொல்லுகிற மனிதன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும்?

நான் அவளுக்கு அராக்கான் கரைக் கதையைச் சொன்னேன். புயலில் உடைந்த கப்பலில் இருந்து ஒருவன் பர்மாவுக்கு மேற்கே, அராக்கான் கரையில் ஒதுங்கினான். மீனவர்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்தார்கள். தலையில் அடி, தன் பெயரே மறந்துவிட்டது. அவர்களோடேயே வலை இழுத்துக்கொண்டு பல வருஷம் இருந்தான். கடைசியில் அவன் மனைவி தேடிக்கொண்டு போனாள். அவன் அவளைப் பார்த்தும் தெரியாதவன் போல நின்றான். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. முழுக்க என் சொந்தச் சரக்கு. நான் இதுவரைக்கும் சொன்னதிலேயே இதுதான் உயர்ந்தது என்று சொல்வேன். அன்று அந்த அமைதி திரும்பி வந்தது, தம்பி.

கொஞ்சம் பொறுத்து அவள் கேட்டாள். "அந்த ஊருக்கு எப்டிப் போவாங்க?"

அதில் மட்டும் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முப்பது வருஷ சர்வீஸ். இங்கிருந்து பட்டணத்துக்கு எந்த வண்டி நல்லது, சென்ட்ரலில் இறங்கி துறைமுகத்துக்கு ஜட்காக்காரனிடம் எவ்வளவு பேசவேண்டும், ரங்கூன் ஸ்டீமரில் டெக்கில் போகிற பெண்கள் எந்தப் பக்கம் இடம் பிடிக்க வேண்டும், அங்கிருந்து அராக்கான் கரைக்கு எந்தப் படகு போகும், எல்லாம் சொன்னேன். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள், நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாங்கு சொல்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நான் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். சாயபு இன்னும் பள்ளிவாசலில் இருந்து வரவில்லை. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்லிய குரலில் ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்க்கிற சத்தம். முதலில் ஓதுகிறாளோ என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. "சத்தார்" என்கிறாள். நிறுத்துகிறாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி "சத்தார்" என்கிறாள்.

உங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண்களும்தான். கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூட உச்சரித்திருக்கமாட்டாள். நாக்கு பழகாமல் முதல் எழுத்திலேயே தடுக்கித் தடுக்கி நின்றது. கூப்பிடவேண்டிய நேரத்தில் வாய் வராமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாள்.

அப்போது நான் எழுந்து போயிருக்கலாம். இருமியிருக்கலாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் சொன்ன ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல்முறை.

அடுத்த வாரம் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் கையில் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். வாணியம்பாடிப் பக்கம் போகிற வண்டிக்கு இந்த பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். அவள் தண்டவாளத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனாள், பட்டணம் போகிற வண்டிக்கு. முகம் தெரியவில்லை. ஆனால் மூட்டையை மாற்றிப் பிடித்தபோது வளையல் சத்தம் கேட்டது. ஒரு வருஷம் கேட்ட காது, தப்புமா?

நான் கூப்பிடவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் படித்ததெல்லாம் எங்கோ சீமையில் இருக்கிறவர்கள் போனது. ஆம்பூரில் இருந்து ஒருவர் அப்படிப் புறப்பட்டது அதுவரைக்கும் கிடையாது. போய்ப் பார்த்துவிட்டு வந்து அவள் சொல்லுவாள், இந்தமுறை அவள் பேச நான் கேட்பேன் என்று நினைத்தேன். அதில் ஒரு நியாயம் இருந்தது. வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் சரியாகத்தான் ஏறினாள். நான் சொல்லிக் கொடுத்த பெட்டி.

ஆக, உங்கள் அக்கா ரங்கூனுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து அராக்கான் கரைக்கு. அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் நல்ல மனிதர், உங்களிடம் மறைப்பது தர்மம் இல்லை.

செருப்புக் கதைக்குப் பிறகு, பேரணாம்பட்டுக்காரர் இன்னும் காத்துக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் பட்டணம் வண்டியில் இருந்து ஒருவன் இறங்கினான். சாமுவேல் என்று பெயர், மாதனூர்க்காரன். நெஞ்செலும்பு தெரிய மெலிந்துபோயிருந்தான். என்னிடம் வந்து, மக்பூல் அகமது சாயபு வீட்டுக்கு எப்படிப் போகவேண்டும் என்று கேட்டான். என்ன விஷயம் என்றேன். சத்தார் போன ஸ்டீமரில் அவன் கரி அள்ளிப் போடுகிற வேலையில் இருந்தவன். கப்பல் முழுகினபோது அவனும் சத்தாரும் ஒரே மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். இரண்டாவது நாள் விடிந்தபோது சத்தாருக்குக் கை மரத்துவிட்டது. இவன் கண் முன்னாலேயே சத்தார் கையை விட்டான், உள்ளே போனான். இவனை வேறொரு கப்பல் தூக்கி சிட்டகாங்கில் இறக்கியது. வியாதி, ஆஸ்பத்திரி, கூலி வேலை என்று ஊர் திரும்ப அத்தனை வருஷம் ஆகிவிட்டது.

கண்ணால் பார்த்தவன் ஒருவன் வந்து சொல்ல வேண்டும் என்று காஜியார் கேட்டாரே, அவன்தான்.

சத்தார் அவனிடம் சொல்லியனுப்பியது ஒன்றும் இருந்தது. அவன் சொன்ன மாதிரியே சொல்கிறேன், இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. "எங்கப்பாகிட்ட சொல்லு. குர்ஷிதைக் காத்துக்கினு கெடக்க வெக்க வேணாம். நல்ல எடமாப் பாத்துக் குடுத்துடச் சொல்லு."

அதை அந்த வீட்டில் போய் எப்படிச் சொல்லுவேன் ஐயா, வாய் வரவில்லையே என்று சாமுவேல் இந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். நீங்கள் இப்போது இருக்கிற இடம்தான். பெரியவருக்கு நெஞ்சு பலவீனம், இதைத் திடீரென்று கேட்டால் தாங்கமாட்டார், பக்குவம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன், நீ போப்பா என்றேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தலையில் இருந்து மலை இறங்கின மாதிரி இருக்கிறது என்றான். கோலார் தங்க வயலில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். டீ வாங்கிக் கொடுத்து நானே வண்டி ஏற்றிவிட்டேன். இப்போதும் அங்கேதான் இருப்பான். தேடினால் கிடைப்பான்.

சாயபுவுக்கு நெஞ்சு பலவீனம் எதுவும் கிடையாது. கண்ணைத் தவிர மற்றதெல்லாம் கல் மாதிரி.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் முந்தின நாள் நல்ல இடத்தில் நிறுத்தியிருந்தேன். கப்பல் பனியில் இறுகி, பலகைகள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் கேட்கிற இடம். நான் உள்ளே நுழைந்ததுமே சாயபு, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்றார். திரைக்குப் பின்னால் வளையல் நின்றது. இந்த அத்தியாயம் முடியட்டும், புத்தகம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். புத்தகம் முடிந்தது. அடுத்ததை எடுத்தேன்.

எழுந்துவிட்டீர்களே. அடிப்பதானால் அடியுங்கள், தம்பி, நான் தடுக்கமாட்டேன். போலீசுக்குப் போவதானாலும் போங்கள். என்ன எழுதிக்கொள்வார்கள்? ஒரு கிழவன் புத்தகம் வாசித்தான் என்று எழுதிக்கொள்வார்கள்.

போன மாதம் அராக்கான் கரையில் பெரும்புயல் என்று பேப்பரில் போட்டிருந்தான். படகுகள் நிறையப் போய்விட்டனவாம். சாயபுவுக்குப் பேப்பர் படிக்கும்போது அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன். மருமகள் எப்போது வருவாள் என்று தினமும் கேட்கிறார். குழந்தைக்குக் கொஞ்சம் சளி, அதனால் இன்னும் சில நாள் இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நேற்று கேட்டார். அதற்கும் ஒரு பெயர் சொன்னேன். நீங்கள் அவரைப் பார்க்கப் போனால், தயவுசெய்து அதை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வீட்டில் இப்போது திரை மட்டும் தொங்குகிறது. அதற்கு நேராக உட்கார்ந்துதான் படிக்கிறேன். டீ வருவதில்லை. படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கிறது. இதற்கு முன்னால் அது எனக்குக் கேட்டதே இல்லை. ராத்திரி படுத்தால் அந்தப் பெண் தடுக்கித் தடுக்கிச் சொன்ன பெயர்தான் காதில் வருகிறது. நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் கல் இல்லை.

அழாதீர்கள். வண்டி வந்துவிட்டது, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறுங்கள். உங்கள் அக்கா வந்துவிடுவாள். ஒரு வருஷம் முழுக்கப் படித்தவன் சொல்கிறேன், பனியில் போனாலும் சரி, கடலில் போனாலும் சரி, நான் வாசித்துக் காட்டிய எந்தப் புத்தகத்திலும் ஒருவராவது திரும்பி வராமல் இருந்ததே இல்லை.